ரப்பர் வைத்த கதவு

"தாயே, இந்த வீடு மூச்சு விடுது. எனக்குப் பிடிக்கலை" என்றார் திருஞானம்.

அவர் கட்டட இன்ஜினியர். முப்பது வருஷம் கட்டட விதிப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவர். பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுதான் அதிகம். உலகம்மைத் தாயார் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு.

தாயாருடைய வீடு நூறு வருஷத்துச் சுண்ணாம்புச் சுவர். சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. அதில் காற்று புகுந்தால் பக்கத்தில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவதுபோல் கேட்கும். திரும்பினால் ஆள் இருக்காது. பட்டப்பகலிலும் திருஞானத்துக்கு முதுகு சில்லிட்டது.

"ஒரு விதிக்கும் அடங்காத வீடு. நானே வந்து ஓட்டையை அடைச்சுத் தர்றேன்."

"உங்க புது வீட்டுல?"

"எறும்பு நுழையாது, தாயே. கதவு ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் வச்சிருக்கேன். மகள் பிள்ளை பெத்து அங்கதான் இருக்கா. காலையில குழந்தையைக் குளிப்பாட்டி, சட்டி நிறையக் கரி நெருப்புல சாம்பிராணி போட்டு, சட்டியை உள்ளயே வச்சு, காத்து கருப்பு அண்டாம கதவைச் சாத்தியாச்சு. அதுவரைக்கும் ஒரே அழுகை. இப்ப சத்தமே இல்லையாம். ரெண்டு பேரும் நல்ல தூக்கம்னு வீட்டுல இருந்து போன் வந்துச்சு."

தாயார் அகல் விளக்கை ஏற்றித் தரையில் வைத்தார். அதன்மேல் ஒரு பித்தளைக் குண்டானைக் கவிழ்த்தார்.

இருவரும் காத்திருந்தார்கள். தலைக்கு மேல் வீடு மூச்சு விட்டது.

"எடுங்க."

எடுத்தார். திரி கருகிக் கிடந்தது. எண்ணெய் அப்படியே இருந்தது.

"எறும்புகூட உள்ள போகலையே" என்றார் தாயார். "யார் வந்து அணைச்சா?"

திருஞானம் சட்டென்று போனை எடுத்து வீட்டுக்கு அழுத்தினார். மூன்றாம் தடவைதான் மனைவி எடுத்தாள்.

"சிவகாமி, பிள்ளை ரூம் கதவைத் திற."

"திறந்தா காத்து வந்துடுமேங்க."

"வரட்டும்."

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மனைவி மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள்.

திருஞானம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். தலைக்கு மேல் வீடு மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

போனில் யாரோ இருமினார்கள்.

அப்புறம் குழந்தை வீறிட்டது.