தலைவருக்கு ஒரு மேடை

திருப்பூரில் ஒரு பிரின்டிங் பட்டறையில் ஹீட் பிரஸ் ஒன்று இருந்தது. 'இருந்தது' என்று சொன்னால் அதற்குக் கோபம் வரும். இருந்தார். பட்டறையில் எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

டிசைன் தாளைத் துணிமேல் வைத்து, சூடான தன் இரும்புப் பலகையால் ஓர் அமுக்கு அமுக்குவார். படம் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் கொடுக்கிற பில்டப்பைக் கேட்டால் பஞ்சையே அவர்தான் கண்டுபிடித்தார் போலிருக்கும். சூடேறியதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"பருத்தி என்ன, பாலியஸ்டர் என்ன? எனக்கு எல்லாரும் ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே சூடு, ஒரே அமுக்கு."

வரிசையில் கடைசியாகப் படுத்திருந்தாள் கறுப்பு ஜெர்சி. பாலியஸ்டர்க்காரி. முதுகில் பதினொன்று என்று நம்பர் ஏறிவிட்டால் கபடி டீமோடு களத்தில் இறங்கிவிடலாம். உடம்பில் தழும்பு விழுந்தாலோ கழிவு மூட்டைதான். அங்கே போனவர்களுக்கு மிஷின் எண்ணெய் துடைக்கிற உத்தியோகம்.

முதலில் வெள்ளைக் காட்டன் பனியன் உள்ளே போனான். வெளியே வந்தபோது நெஞ்சில் படம். படத்தைச் சுற்றி, பலகை விளிம்பு பதிந்த பெரிய சதுரம். ஒரு அலசு அலசினால் போயிருமுங்க என்று ஜெர்சிக்குத் தைரியம் வேறு சொன்னான். அவனுக்குப் போய்விடும். பாலியஸ்டருக்குச் சூட்டில் நூலே உருகி, தழும்பு பளபளவென்று நின்றுவிடும். ஆற்றோடு விட்டு அலசினாலும் போகாது.

அடுத்தவள் வெல்வெட். தான் கல்யாண வீட்டுக்குப் போகிறவள், தன்னிடம் யாரும் வாலாட்ட முடியாது என்று சொல்லிக்கொண்டே போனாள். வந்தபோது நடுமுதுகில் மொழுக்கென்று சதுரமாக ஒரு வழுக்கை. இதுதான் இப்போது ஃபேஷன் என்று சொல்லிவிட்டு முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சூட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி ஜெர்சி தலைவரிடம் கெஞ்சிப் பார்த்தாள். உனக்குக் குறைத்தால் நாளைக்குக் கர்ச்சீப்கூட வந்து நிற்கும் என்று விரட்டினார்.

மூலையில் கிடந்த ஸ்பாஞ்சு மெத்தை அவளைக் கூப்பிட்டது. நம்பரைவிட ஒரு விரற்கடைதான் அகலம். தன்னைச் சட்டைக்குள் நம்பருக்கு நேர் கீழே வைத்துக்கொண்டால் அந்த இடம் மட்டும் மேடாக நிற்கும், பலகை விளிம்பு வேறு எங்கும் படாது என்றது. தலைவரிடமும் சொல்லிப் பார்த்ததாம். தனக்கும் துணிகளுக்கும் நடுவில் புரோக்கர் எதற்கு என்று எட்டி உதைத்துவிட்டாராம்.

"நீ அவருக்குப் புத்தி சொல்லியிருப்பே," என்றாள் ஜெர்சி. "அது அவருக்கு ஆகாது. இப்பப் பாரு."

மெத்தையை உள்ளே திணித்துக்கொண்டு போய்ப் படுத்தாள்.

"ஏனுங்க தலைவரே, உங்க அந்தஸ்துக்குக் கண்ட துணி தோள்லயும் மூஞ்சிய ஒரசறதா? மேடை போட்டு வெச்சிருக்கறனுங்க. நம்பர் மேல மட்டும் மெல்லக் கை வையுங்க. பெரியவங்க ஆசீர்வாதம் பண்றப்ப சூடாவா இருப்பாங்க?"

மேடை என்றதுமே தலைவர் குளிர்ந்துவிட்டார். சூட்டை இறக்கினார். அந்த நம்பருக்கு அந்தச் சூடே தாராளம். மாலை வாங்குகிற பாவனையில் மெதுவாகக் குனிந்து, மெதுவாக நிமிர்ந்தார்.

கறுப்பு கறுப்பாகவே இருந்தது. நடுவில் பதினொன்று, வெள்ளை வெளேரென்று.

தலைவர் மேலும் கீழும் தேடினார். முகம் சுருங்கிவிட்டது.

"என்ன கண்ணு, நான் வந்துட்டுப் போனதுக்கு ஒரு அடையாளமே காணோம்?"

"இருக்குதுங்களே," என்று ஜெர்சி முதுகைத் திருப்பிக் காட்டினாள். "பதினொண்ணுன்னு எழுதியிருக்குது பாருங்க."