பெலிசித்தாவின் ஆய்வேடு பத்திரமாக இருக்கிறது

விளக்கு வைத்து அரைமணி ஆகியிருக்கும். பல்கலைக்கழகக் கணினி அறையில் மின்சாரம் போனது. இருட்டுக்குள் எதுவோ "கீங்... கீங்..." என்று அழுதது.

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். முதுகலை மாணவி பெலிசித்தா, அவளுடைய விடுதித் தோழிகள் மங்களம், எழிலரசி. மூவருக்கும் ஒரே நாற்காலி. காரணம், சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு: "இது பொதுக் கணினி. சொந்தக் கோப்புகளை வைத்துவிட்டு எழுந்து போனால் அழிந்துவிடும்."

எழுந்தால்தானே அழியும்? காலையிலிருந்து நாற்காலி காலியாகவில்லை. பெலிசித்தா சாப்பிடப் போக வேண்டுமென்றால் மங்களம் வந்து அவள் மடியில் உட்காருவாள். பெலிசித்தா அடியிலிருந்து மெல்ல உருவிக்கொள்வாள். ஆள் மாறியது கணினிக்கே தெரியாது.

நாளைக் காலை பத்து மணிக்குள் ஆய்வேட்டை அச்சடித்துக் கொடுக்காவிட்டால் பெலிசித்தாவுக்கு ஒரு வருடம் போச்சு.

"கம்ப்யூட்டர் அழுவுதுடி," என்றாள் மங்களம்.

"பாரம் தாங்கல போல. நூறு பக்கத்தை அது தலையில ஏத்தியிருக்கோமே," என்றாள் எழிலரசி. சொல்லிவிட்டு ஆய்வக உதவியாளருக்குப் போன் போட்டாள்.

"அது யூபிஎஸ்மா. பேட்டரி தீரப்போகுது. சட்டுனு பென்டிரைவ்ல போட்டு, பத்திரமான இடத்துல வையுங்க. நான் வீட்டுக்கு வந்துட்டேன். கதவை மறக்காம அடைச்சிடுங்க."

பெலிசித்தா பென்டிரைவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "நூறு பக்கம் இந்தச் சுண்டுவிரலுக்குள்ள எப்படி அடங்கும்?"

மூவரும் யோசித்தார்கள். யூபிஎஸ்ஸும் கீங் கீங் என்று கூடவே யோசித்தது.

"எழுத்தைச் சின்னதாக்கு," என்றாள் எழிலரசி.

பெலிசித்தா எறும்பு அளவுக்கு ஆக்கினாள். போதாது என்று மங்களம் சொல்ல, வரிகளுக்கு நடுவே இருந்த இடத்தையும் எடுத்தாள். நூறு பக்கம் மூன்று பக்கமாகச் சுருங்கியது. ஏற்றினார்கள். எங்கும் சிக்காமல் உள்ளே போயிற்று.

"பாத்தியா, இப்பதான் நுழையுது," என்றாள் எழிலரசி.

அடுத்து, பத்திரமான இடம்.

"என் பையில வெச்சுக்கவா?" என்றாள் பெலிசித்தா.

"அந்தப் பையைத்தான் போன வாரம் பஸ்ல விட்டுட்டு வந்தே."

"விடுதி அலமாரி?"

"குரங்கு வந்து சோப்பையே தூக்கிட்டுப் போகுது. இதை விடுமா?"

இரும்புக் கதவும் கம்பி போட்ட ஜன்னலும் இந்த அறைக்குத்தான் இருந்தன. பென்டிரைவை மேசை இழுப்பறையிலேயே வைத்தார்கள். கதவை அடைக்கப் போனால், பூட்டும் சாவியும் உதவியாளரோடு வீட்டுக்குப் போயிருந்தன. இருந்தது தாழ்ப்பாள் மட்டும். அதுவும் உள்பக்கம்.

"அப்ப ஒருத்தி உள்ள இருந்தாகணும்," என்றாள் எழிலரசி.

"நான் இருக்கேன்," என்றாள் மங்களம். "இருட்டு எனக்குப் பயமில்ல. கண்ணை மூடிக்கிட்டா ஒண்ணும் தெரியாது."

பெலிசித்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மங்களம், என் ஒரு வருஷம் உன் கையில. யார் தட்டினாலும் திறக்காத. நானே வந்து கேட்டாலும் திறக்காத. என் குரல்ல வேற யாராவது பேசலாம்."

கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழுந்தது. நாலு அடி நடந்த பெலிசித்தாவுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் பெலிசித்தா. நாளைக்குக் காலையில வந்து பென்டிரைவ் கேட்டா தருவியா?"

"தர மாட்டேன். அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

பெலிசித்தாவுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. "இவளை நம்பலாம்டி," என்றாள் எழிலரசியிடம்.

உள்ளே மங்களம், எதற்கும் இருக்கட்டும் என்று, மேல்தாழ்ப்பாளையும் போட்டாள்.