திரையில் விழுந்த தழும்பு

கேட்டீர்களா சங்கதியை? ரைஸ்மில் முதலாளி சிங்காரவடிவேலின் பெரிய டிவியில் எந்தச் சேனலை வைத்தாலும், நாற்காலியில் உட்கார்ந்த ஓர் உருவம் மங்கலாகத் தெரிந்தது. காசிக்குப் போய்த் திரும்பாத அவர் அண்ணனின் ஆவி என்று வேலையாட்கள் நடுங்கினார்கள்.

“இன்னைக்கே இதை அழிக்கணும். இல்லேன்னா நீ ஊர்ல கடை திறக்க முடியாது” என்று மெக்கானிக் செல்லத்தாயியிடம் உறுமினார் முதலாளி.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். “ஒரே படம் மாசக்கணக்கா அசையாம நின்னா இப்படித் தழும்பு விழுமுங்க. மூலையில தேதிகூடப் பதிஞ்சிருக்கு, இது சிசிடிவி கேமரா படம், இந்த டிவியிலதான் ஓடியிருக்கு. அந்த ஆள் எழுந்து நடமாடினா தானா மங்கிடும். கேமரா எந்த ரூம்லங்க?”

“மச்சு ரூமுக்கு யாரும் போகக் கூடாது!”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.