ஆற்றில் விட்ட அரிசி

ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஊர். அங்கே பாதிப்பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். வெள்ளத்தில் பாதை அறுந்துபோய், கஞ்சி வைக்கக்கூட அரிசி இல்லை என்று சேதி வந்தது.

மடத்துச் சீடர் வேலப்பர் வீடு வீடாகப் போய் அரிசி கேட்டு வாங்கினார். குரு அங்கயற்கண்ணி அம்மாளைவிட அவர் வயதில் மூத்தவர். வியாபாரத்தை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். மூட்டைகளைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு குருவும் அவரும் புறப்பட்டார்கள்.

போகும்போது வேலப்பர் கேட்டார். "அம்மா, இரண்டு கடமைகள் ஒன்றோடொன்று மோதினால், எதற்கும் சேதமில்லாத நடுவழி ஒன்று இருக்குமா?"

குரு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடு ஆற்றில் ஒரு பாறை. அதன்மேல் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். தண்ணீர் முழங்கால்வரை ஏறியிருந்தது.

"மூட்டையோட ஆளும் ஏறினா பரிசல் முழுகிரும்," என்றார் பரிசல்காரர்.

"அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பி வரலாமே?" என்றார் வேலப்பர்.

"அதுக்குள்ள பாறை தண்ணிக்குள்ள போயிரும் சாமி. அரிசிக்குன்னு இன்னொரு நடையும் இந்த வெள்ளத்துல ஆகாது."

வேலப்பர் யோசித்தார். "பாதி மூட்டையைத் தள்ளிவிட்டு ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் அம்மா."

"யாரை?"

அவர் பாறையைப் பார்த்தார். அந்தப் பெண் தன் முந்தானையைக் கணவனின் இடுப்பில் கட்டியிருந்தாள்.

வேலப்பர் ஒரு மூட்டையைத் தூக்கி ஆற்றில் போட்டார். அடுத்ததைக் குரு தள்ளினார். அத்தனையும் போயிற்று.

பாறையில் நின்ற இருவரும் ஏறினார்கள். கணவன் வேலப்பரின் கையைப் பிடித்தவன் விடவேயில்லை. வேலப்பருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

கரை நெருங்கியது. பரிசல் வருவதைப் பார்த்து ஊரே துறைக்கு வந்திருந்தது. நடக்கமுடியாத ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் பாத்திரம்.

எல்லாரும் இறங்கிய பிறகும் வேலப்பர் பரிசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நாம் சரியானதைத்தான் செய்தோம் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள் அம்மா. நீங்கள் சொன்னால் கேட்பார்கள்."

குரு ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"சரியானதைத்தான் செய்தோம், வேலப்பரே. அவர்களுக்குப் பசிக்கத்தான் போகிறது. இரண்டையும் நீங்களே சொல்லுங்கள்."