பன்னிரண்டு மீன்களின் உண்ணாவிரதம்

எங்கள் சங்கத்தில் மிச்சம் இருந்தது மூன்று பேர். தலைவர் எத்திராஜுலு, பொருளாளர் இருதயராஜ், செயலாளர் நான். ஆலையை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். சங்கத்தை மூட மட்டும் எவனாலும் முடியவில்லை. மூவரும் துண்டறிக்கை படித்தே வளர்ந்தவர்கள். எழுதியதையும் சொன்னதையும் வரிக்கு வரி கடைப்பிடிப்போம். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

சங்க அலுவலகம் என்பது பெரம்பூரில் அம்சவேணி அம்மாள் வீட்டு மாடி அறை. அதை அழகு நிலையத்துக்குக் கொடுத்துவிட அந்தம்மாள் வெகுநாளாகத் துடித்துக்கொண்டிருந்தார். மகளின் வளைகாப்புக்காகக் கோயம்புத்தூருக்கு ஒரு வாரம் கிளம்பியவர், ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்தார். உள்ளே பன்னிரண்டு நியான் டெட்ரா மீன்கள். விரல்நுனி அளவுதான். முதுகில் நீலக்கோடு, வால் பக்கம் சிவப்பு.

“பாதியாவது நம்ம ஆளுங்க,” என்றார் எத்திராஜுலு.

“சாதுவான மீனுங்க. கூட்டமாத்தான் திரியும்,” என்றார் அம்சவேணி. “நடுவுல ஒரு தபா கால்வாசித் தண்ணி மாத்துங்க. ஒரு நாள் தீனி போடாதீங்க. சத்தம் ஆகாது, பயந்துடும். நான் ஊர்லேர்ந்து திரும்பி வரச்சொல்ல பன்னண்டும் ஒண்ணா நீந்தணும். ஒண்ணு தனியா நின்னுச்சோ, ரூமைக் காலி பண்ணிட்டுக் கிளம்புங்க. பன்னண்டு மீனைக் காப்பாத்தத் தெரியாதவங்க தொழிலாளியை இன்னாத்த காப்பாத்தப் போறீங்க?”

அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. முதலாளிகூட எங்களை இப்படிக் கேட்டதில்லை. அவர் எங்களிடம் பேசியதே இல்லை என்பது வேறு விஷயம்.

சத்தம் ஆகாது என்றாரே, அன்றிலிருந்து கோஷங்களைக் கிசுகிசுத்தோம்.

தண்ணீர் மாற்றும் நாள் வந்தது. கூட்டம் கூட்டினோம்.

“கால்வாசி சரி. எந்தக் கால்வாசி?” என்றார் இருதயராஜ்.

“மேல இருக்கறதை எடு. மேல உட்கார்ந்திருக்கறவன் என்னிக்குமே சுரண்டறவன்தான்,” என்றார் எத்திராஜுலு.

“அழுக்கு அடியில இல்ல தோழரே இருக்கு? மாற்றம் அடியிலேர்ந்துதான் வரணும்.”

வாக்கெடுப்பில் அடித்தண்ணீர் வென்றது. அதை எட்டுவதற்காக மேலே இருந்த முக்கால்வாசியையும் மொண்டு மொண்டு பக்கெட்டுகளில் நிரப்பினோம். மீன்களைச் சங்கத்து எவர்சில்வர் குடத்தில் குடியேற்றினோம். அடித்தண்ணீரைக் கொட்டிவிட்டு, முக்கால்வாசியைத் திரும்ப ஊற்றி, மேலே புதுத்தண்ணீர் விட்டோம். நாலு மக் தண்ணீர் வேலைக்கு எங்களுக்கு ஒரு பகல் பிடித்தது. என் இடுப்பும் பிடித்தது.

களைத்துப் போய் மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது இருதயராஜ் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

“தோழரே, முன்னாடி போறவன்தானே தலைவன்?”

“சந்தேகம் என்ன?”

“ஆனா கண்ணாடிகிட்ட வந்து திரும்பினதும் கடைசியில வந்தவன் தலைவனாயிடறானே!”

எத்திராஜுலுவின் முகம் கறுத்தது. ஆலை ஓடிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். “அது சந்தர்ப்பவாதம்,” என்று கிசுகிசுத்துவிட்டுத் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அம்மாள் வருவதற்கு முதல் நாளைத் தீனி இல்லாத நாளாக வைத்தோம். அதிலும் கொள்கைச் சிக்கல்.

“பட்டினி போட்டவங்களை எதிர்த்துக் கொடி பிடிச்ச கை இது. இந்தக் கையாலயே பட்டினி போடுறதா?” என்றார் எத்திராஜுலு.

நான்தான் வழி சொன்னேன். நாம் போட்டால் பட்டினி. அவர்களாகவே இருந்தால் உண்ணாவிரதம். உடனே தொட்டிக்கு மேல் பேனர் கட்டினோம். ஆதரவாக நாங்களும் சாப்பிடாமல் உட்கார்ந்தோம்.

சாயங்காலம் உண்ணாவிரதத்தை முடித்துவைக்க எலுமிச்சைச் சாறு வந்தது.

“உப்பு போட்டதா, சர்க்கரை போட்டதா?” என்றார் இருதயராஜ்.

“நல்ல தண்ணி மீனுய்யா. உப்பு ஆகாது. சர்க்கரையும் வேணாம், சாறு மட்டும்,” என்றார் எத்திராஜுலு.

தலைவர் தம் கையாலேயே ஆளுக்கு ஒரு சொட்டு என்று பன்னிரண்டு சொட்டு விட்டார். “சில பேர் ரெண்டு தரம் வாங்கிட்டாங்க,” என்று பொருளாளர் ஆட்சேபித்தார்.

மறுநாள் காலையில் பார்த்தால், பதினோரு மீன்கள் ஒரு பக்கம். ஒன்று மட்டும் செடிக்குப் பின்னால் தனியாக நின்றது.

“கருங்காலி!” என்றார் எத்திராஜுலு, மெதுவாக.

“ஒரு சொட்டுகூடக் கிடைக்காத ஆளா இருக்கும். நான் அப்பவே சொன்னேன்,” என்றார் இருதயராஜ்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அம்சவேணியின் குரல் கேட்டது. எனக்கு அழகு நிலையத்தின் பெயர்ப்பலகை கண்ணில் தெரிந்தது.

“பேசிப் பிரயோஜனம் இல்ல. ஒத்துமைன்னா என்னன்னு நடந்து காட்டுவோம்,” என்றேன்.

மூவரும் ஒருவர் பின் ஒருவராகத் தொட்டிக்கு முன்னால் ஊர்வலம் போனோம். எத்திராஜுலு, நான், இருதயராஜ். சுவர் வந்ததும் அப்படியே திரும்பினோம். இருதயராஜ் முன்னால் வந்துவிட்டார். அடுத்த சுவரில் மறுபடி எத்திராஜுலு. “ஒன்றுபடுவோம், ஒன்றுபடுவோம்” என்று கிசுகிசுத்தபடி போனோம், வந்தோம். பசியோடு இருந்த மீன்கள், தீனி போடும் ஆட்களைக் கண்டதும் கண்ணாடியோரம் எங்கள் கூடவே ஓடிவந்தன. செடிக்குப் பின்னால் நின்றதும் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. கொள்கை வென்றது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

அம்சவேணி கதவருகே நின்று எண்ணினார். பன்னிரண்டு. ஒரே கூட்டம். முகம் தொங்கிப்போனது.

“சரி, இருந்து தொலைங்க. தண்ணியில இன்னாத்துக்கு எலுமிச்சங்கொட்டை மிதக்குது?”

அறை தப்பியது. அதைவிடப் பெரிய வெற்றி, தலைவரும் பொருளாளரும் சமாதானம் ஆனது. திரும்பத் திரும்ப இருவருமே தலைவராகலாம் என்று தெரிந்துவிட்டதே! ஆலை வாசல் வரை வெற்றி ஊர்வலம் என்று தீர்மானம் போட்டோம். நடை, மீன்கள் முறைப்படி. பத்து அடிக்கு ஒரு திருப்பம்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். சாயங்காலம் அம்சவேணி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். “யோவ், இன்னும் டீக்கடையே தாண்டலியா?”

“தலைவர் மாறிட்டே இருக்காரும்மா!” என்றார்கள் இருவரும் பெருமையாக.

எனக்கு அவசரம் இல்லை. என் முறை வரட்டும் என்று நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன்.