உப்பளத்தில் நடந்து வந்த குழந்தை

ஆண்டியப்பன் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர். வயது ஐம்பத்திரண்டு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட உலகம்மை அவரைவிட ஒன்பது வயது இளையவர். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கொட்டகையில் தனியாக இருந்தார். கேட்காமல் எதுவும் சொல்ல மாட்டார். கேட்டாலும் பல நேரம் சொல்ல மாட்டார்.

பங்குனியில் ஒரு காலை, ஆண்டியப்பன் எழுதிய ஓலை ஒன்றோடு வந்தார்.

"என்னது?" என்றார் உலகம்மை.

"மேலூர்ல ஒரு பொண்ணு. புருஷன் இறந்துட்டான். ஏற்கெனவே மூணு பிள்ளை. இப்ப ஆறு மாசம். பிறக்கிற பிள்ளையை எடுத்து வளர்ப்பீங்களான்னு எங்களைக் கேட்டு அனுப்பியிருக்கா. கொடுத்த பிறகு மனசு மாற மாட்டேன்னு கோயில்ல வச்சு அவ சத்தியம் செய்யணும். மாறினா எங்க செலவைத் திருப்பித் தரணும். அதைத்தான் எழுதியிருக்கேன்."

"மூணு பிள்ளைக்குச் சோறு போட முடியாதவ எதைத் திருப்பித் தருவா?"

ஆண்டியப்பன் தலைகுனிந்தார். "போன தடவை மாதிரி இன்னொரு தடவை நடந்தா நாச்சியார் தாங்க மாட்டா. அம்மா, இது உடைஞ்சு போகாம எப்படிச் செய்யிறது?"

போன தடவை நடந்தது உலகம்மைக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் முத்துப்பேச்சி என்ற கடற்கரைப் பெண், கட்டியவன் கைவிட்டு, நாலு மாத வயிற்றோடு செக்கடியில் வந்து மயங்கி விழுந்தாள். பிள்ளையை உங்களுக்கே தருகிறேன் என்றாள். பிள்ளையில்லாத ஆண்டியப்பனும் அவர் மனைவி நாச்சியாரும் ஐந்து மாதம் அவளை வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். இருந்த இரண்டு வயலில் ஒன்றை விற்று வைத்தியம் செய்தார்கள், புதிதாக ஓர் அறை கட்டினார்கள். பேர் வைக்க ஊரையே அழைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்தது. முத்துப்பேச்சி ஓர் இரவு அதை அணைத்துப் படுத்திருந்தாள். காலையில், "அண்ணே, என்னால முடியல" என்றாள். மூன்றாம் நாள் பிள்ளையோடு போய்விட்டாள்.

அதன் பிறகு நாச்சியார் நாலு மாதம் தலை வாரவில்லை. அவள் கண்ணெதிரே எள் சட்டியில் கருகும். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"முத்துப்பேச்சி இப்ப எங்க?"

"உப்பளத்துல வேலை செய்யிறதாக் கேள்வி. நான் விசாரிக்கலை."

"வாங்க, போவோம்."

"எதுக்கும்மா?"

உலகம்மை அதற்குள் வெளியே இறங்கிவிட்டார்.

இரண்டு நாள் நடந்தார்கள். முத்துப்பேச்சியைக் கண்டால் சொல்ல வேண்டும் என்று ஆண்டியப்பன் சேர்த்து வைத்த சொற்கள் நிறைய இருந்தன.

உப்பளத்தை அடைந்தபோது பிற்பகல். பாத்தி பாத்தியாக நீர், ஒவ்வொன்றிலும் வானம். உப்புக் குவியல்களின் வெளிச்சத்தில் கண்கூசியது. தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, பலகையைக் கீழே போட்டாள்.

வரப்பில் ஒரு கீற்றின் நிழலில் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. புது ஆட்களைப் பார்த்ததும் எழுந்து, குறுகலான வரப்பில் தள்ளாடாமல் நடந்து வந்தது. ஆண்டியப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது.

பிறந்த மூன்று நாளும் அவர் அதைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டையாக மட்டுமே பார்த்திருந்தார். இப்போது அதற்கு இமை முடிகள் இருந்தன. முழங்காலில் உப்பு பூத்திருந்தது. சிரித்தபோது பற்கள் தெரிந்தன.

முத்துப்பேச்சி ஓடி வந்து பத்தடி தள்ளி நின்றாள்.

"அண்ணே, வாக்குத் தவறினவ நான். மதினி முகத்துல முழிக்க முடியாமத்தான் ஓடி வந்தேன்."

அவர் வாயைத் திறந்தார். சேர்த்து வைத்த சொற்களில் ஒன்றும் வரவில்லை.

"அன்னிக்கே மருத்துவச்சி சொன்னா. நீங்க சேர்த்துக்கலைன்னா ரெண்டு உசிருமே போயிருக்கும்னு. இவளை என் ரத்தம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. அஞ்சு மாசம் மதினி போட்ட சோறுண்ணே இது."

ஆண்டியப்பன் அந்தக் குழந்தையைப் பார்த்தார். போனது போனதுதான் என்று அவர் எண்ணியிருந்த வயல், வீணாகப் போன ஐந்து மாதம், நாச்சியார் தூக்கம் விழித்துக் காய்ச்சிய கஞ்சி, எல்லாம் பத்து விரலும் பத்து நகமுமாக அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டது. அவர் ஈர வரப்பில் அப்படியே உட்கார்ந்தார். கைகள் தாமாகக் குவிந்தன.

குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துத் தானும் கைகளைச் சேர்த்தது.

திரும்பும் வழியில் ஆண்டியப்பன் சொன்னார்.

"ஓலை வேண்டாம்மா."

"வேணும். அவ என்ன செய்யணும்னு எழுதாதீங்க. நீங்க என்ன கொடுப்பீங்கன்னு எழுதுங்க. பிள்ளை வந்தாலும், வராட்டியும்."

"எவ்வளவு கொடுக்கலாம்?"

"பிள்ளை வராமப் போனாலும் நாச்சியார் சாப்பாட்டுல குறையாத அளவு. இருக்கிற ஒரு வயலை விக்காதீங்க."

"ஊருக்கு எப்பச் சொல்றது?"

"பிள்ளை உங்க வீட்டுத் தொட்டில்ல தூங்கட்டும். அப்புறம் சொல்லுங்க."

"பிறந்ததும் எத்தனை நாள் அவகிட்ட இருக்கணும்?"

"அதை என்கிட்டயா கேக்கிறது?"

"சரிம்மா. மனசை எவ்வளவு கொடுக்கிறது?"

உலகம்மை நடையை எட்டிப் போட்டார்.

மேலூர்ப் பெண்ணிடம் கேட்டார்கள். அவள் பன்னிரண்டு நாள் கேட்டாள். நாச்சியார் சரி என்றாள்.

ஆனியில் பிள்ளை பிறந்தது. சேதி வந்த அன்றே உலகம்மை ஒரு துணி மூட்டையோடு ஆற்றைக் கடந்து ஆண்டியப்பன் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் யார் வீட்டிலும் தங்கியதில்லை. பிள்ளையை ஆசீர்வதிக்க வந்திருக்கிறார் என்று ஆண்டியப்பன் நெகிழ்ந்துபோனார்.

உலகம்மை நாச்சியாரோடு உட்கார்ந்து எள் புடைத்தார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாம் நாள் நாச்சியார் திடீரென்று அழுதாள். உலகம்மை அவள் முறத்தையும் வாங்கிப் புடைத்தார். பன்னிரண்டாம் நாள் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை மேலூர்ப் பெண் பிள்ளையோடு வந்தாள். நாச்சியார் மடியில் தானே கிடத்தினாள்.

"நல்லா யோசிச்சுட்டேன் மதினி. நான் அழுவேன். ஆனா கேட்டு வர மாட்டேன். எப்பவாவது பார்க்க மட்டும் வரலாமா?"

"எப்ப வேணும்னாலும் வா," என்றாள் நாச்சியார்.

கொஞ்ச நேரத்தில் உலகம்மை தம் மூட்டையைக் கட்டினார். ஆண்டியப்பன் பதறிப்போய் வழியில் நின்றார்.

"என்னம்மா இது? பன்னெண்டு நாள் காத்திருந்துட்டு, பிள்ளை வந்ததும் கிளம்பறீங்க. அதைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பிள்ளைக்காக நான் வரலையே."

"பிறகு எதுக்கு வந்தீங்க?"

"அவ வராமப் போயிருந்தா, இந்த வீட்டுல நீங்க ரெண்டு பேரும் தனியா இருந்திருப்பீங்க."