பட்டத்து யானையின் மச்சம்

ராஜாக்கள் யானைமேல் ஏறி ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம் அது. கொன்றையூர் அரண்மனையில் ஒரு சித்திரசாலை இருந்தது. அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவள் வேம்பி. கெட்டிக்காரிதான், ஆனால் பாவம், பாதி வயசுவரை ஒரே யானையையே வரைந்துகொண்டிருந்தாள்.

சிரிக்காதீர்கள், அங்கே வழக்கம் அப்படி. ராஜாவின் பாட்டனார் காலத்து மான்தோல் ஒன்றில் பட்டத்து யானையின் உருவத்தை ஊசியால் குத்தி வைத்திருந்தார்கள். தோலைச் சுவரில் வைத்து, கரித்தூள் கட்டிய துணியால் தட்டினால் புள்ளிகள் விழும். புள்ளிகளைச் சேர்த்தால் யானை. மாணவர்கள் தட்டினார்கள், சேர்த்தார்கள், வண்ணம் பூசினார்கள். வேம்பியும் அதையே செய்தாள். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

ஒருநாள் நாகை என்ற மாணவி கேட்டாள்: "அம்மா, யானைக்கு முழங்காலில் இந்த மச்சம் எதுக்கு?"

"அது ராஜலட்சணம்டி" என்று சட்டென்று சொல்லிவிட்டாள் வேம்பி. சொன்னபிறகு மனசு உறுத்தியது. தோலை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மற்றத் துளையெல்லாம் ஊசி குத்தியது. மச்சம் விழும் துளை மட்டும் ஓரம் அரித்துக் கோணலாக இருந்தது. பூச்சி தின்ற ஓட்டை! இத்தனை காலமும் ஒரு பூச்சியின் பசிக்கா வண்ணம் பூசினோம் என்று வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

தோலைச் சுருட்டி மூலையில் போட்டாள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நேரே யானைக் கொட்டாரத்துக்குப் போனாள்.

"நல்லாப் பாருங்க. பார்த்ததை வரையுங்க. என்னைக் கேட்காதீங்க, எனக்கே தெரியாது."

நாகை, மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்ளும் யானையை வரைந்தாள். ஒருவன் குளிக்க அடம்பிடிக்கும் யானையை வரைந்தான். இன்னொருவன் நின்றபடியே தூங்கும் யானையை வரைந்தான். வேம்பியும் வரைந்தாள். தோல் இல்லாமல் அவள் போட்ட கோடு கோணிக்கொண்டு போயிற்று.

விஷயம் ராஜாவின் காதுக்குப் போயிற்று. தோலோடும் படங்களோடும் அரண்மனை முற்றத்துச் சபைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

"மூன்று முறை கேட்பேன்" என்றார் ராஜா. "பாட்டனார் தோலுக்குத் திரும்புகிறாயா?"

"மாட்டேன், மகாராஜா."

"திரும்பாவிட்டால் சித்திரசாலைக்குப் பூட்டு. இந்த நாட்டில் நீ தூரிகையையே தொடக்கூடாது. திரும்புகிறாயா?"

வேம்பி திரும்பிப் பார்த்தாள். பின்னால் மாணவர்கள் படங்களோடு நின்றார்கள்.

"மாட்டேன். மூன்றாம் முறை கேட்குமுன் பட்டத்து யானையை வரவழையுங்கள். அந்த மச்சத்தைக் காட்டுங்கள்."

யானை வந்தது. முழங்காலில் மச்சமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வேம்பி தோலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பூச்சி தின்ற ஓட்டையைக் காட்டினாள். ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் ராஜா அல்லவா? வேம்பி வரைந்த படத்தைக் கையில் எடுத்தார்.

"இது மட்டும் என்ன அழகாம்? ஒரு கால் குட்டை. உன் மாணவர்கள் வரைந்ததே தேவலை."

"ஆமாம், மகாராஜா. மோசம்தான். ஆனால் இது நான் பார்த்து வரைந்தது. என் அடுத்த யானை இதைவிட நன்றாக வரும். தோலில் இருக்கிற யானை எந்தக் காலத்திலும் இதற்குமேல் நன்றாக வராது."

சொல்லிக்கொண்டே, சபையில் புகைந்துகொண்டிருந்த சாம்பிராணித் தணலில் தோலைப் போட்டாள். சபை அலறியது. தோல் சுருண்டு கருகியது. ராஜா கையிலிருந்த குட்டைக்கால் யானையை மறுபடி பார்த்தார்.

"மூன்றாவது கேள்வி" என்றார் கடைசியில். "அடுத்த யானையை எப்போது வரையப்போகிறாய்?"

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: பிழையாக வந்தாலும் தன் கண்ணால் பார்த்து வரைகிற கைதான் வளரும்.